சேற்றரக்கனின் இடது கால்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பின்னால் இருப்பவர்கள் கூச்சப்படாமல் முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது. இன்று உங்களுக்கு ஓர் அரக்கன் கதை சொல்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. இதில் அரக்கன் யாரையும் கடிக்கவில்லை. கடித்துக் குதறியதெல்லாம் அவனுடைய ரசிகர்கள்தான்.

ஒரு மருந்துக்கடை. அதன் மாடியில் நீளமாக ஓர் அறை. இருமல் மருந்துப் பெட்டிகளும் பஞ்சுக் கட்டுகளும் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு டஜன் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பழைய டிவி, அதன் அடியில் வீடியோ கேசட் போடும் டெக். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி ஆனால் போதும், ராட்சதப் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற ஆட்கள் ஒன்பது பத்துப் பேர் அங்கே கூடிவிடுவார்கள். ராட்சதப் படத்திலும் பழசு. பழசிலும் ஒரே படம். ‘சேற்றரக்கன்’ என்று பெயர். கறுப்பு வெள்ளை. சதுப்பு நிலத்துக்குள்ளிருந்து ரப்பர் தோல் போட்ட ஒரு மனிதர் எழுந்து வருவார், இடது காலை இழுத்து இழுத்து நடப்பார், கதாநாயகனின் கன்னத்தில் கீறுவார், மறுபடி சேற்றுக்குள் போய்விடுவார். இவ்வளவுதான் கதை. இதைத்தான் அந்த ஒன்பது பேரும் இருபத்தாறு வருஷமாகப் பேசித் தீர்க்க முடியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசலிலிருந்து நாற்காலிவரை இடது காலை இழுத்துக்கொண்டுதான் வரவேண்டும். மறந்துபோய்ச் சாதாரணமாக நடந்து வந்தால் மறுபடி மாடிப்படிக்குப் போய் முதலிலிருந்து வரவேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. தலைவர் அப்படி.

தலைவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் செக்கர் என்றே கூப்பிடுவார்கள். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அந்தச் செக்கரே எழுந்து நின்று மரியாதை செய்கிற ஆள் ஒருவர் உண்டென்றால் அது நம் ஆபரேட்டர்தான்.

ஆபரேட்டர் முப்பத்தைந்து வருஷம் சினிமாத் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவர். இடிக்கப்போகிற தியேட்டருக்குக் கடைசியாக வந்த படம் ‘சேற்றரக்கன்’. ஓட்டி முடித்த பிரதியைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால், காலியாகக் கிடந்த அரங்கில் ஒற்றை ஆளாக ஒரு காட்சி ஓட்டி, இரவல் வாங்கிய கேமராவால் அதைக் கேசட்டில் பிடித்து வைத்தார். அதற்கப்புறம் அந்தப் பிரதியை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. உலகத்துக்கே ஒரு கேசட், அதுவும் நம் மாடியில் என்று செக்கர் பெருமையடிப்பார். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி ஆபரேட்டருக்கு. முதல் டீ ஆபரேட்டருக்கு. வாரத்தில் ஆறு நாள் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வீட்டில் அவரும் சுவர்க் கடிகாரமும்தான். ஏழாம் நாள் அந்த நாற்காலியில் உட்காரும்போதுதான் தான் ஒரு ஆள் என்று அவருக்கே ஞாபகம் வரும்.

இப்படி இருக்கையில் ‘சேற்றரக்க’னை ரீமேக் செய்துவிட்டார்கள். கலரில், பெரிய கம்பெனி. அதில் அரக்கனுக்குத் தோலும் நகமும் கண்ணும் செய்து ஒட்டிய மேக்கப்காரி யார் தெரியுமா? ஆபரேட்டரின் தங்கை மகள்.

படம் வந்ததும் பழைய ரசிகர்கள் கம்பெனியை வறுத்தெடுத்தார்கள். கம்பெனி ஆடிப்போய்விட்டது. அடுத்து இரண்டாம் பாகம் எடுக்க வேண்டுமே. மிகப் பழைய மன்றம் எதுவென்று விசாரித்து, நம் மாடிக்கு ஒரு கடிதம் போட்டது. அரக்கனைச் செய்த பெண்ணையே மறுபடி வைத்துக்கொள்ளலாமா, உங்கள் கருத்தைச் சாட்சிக் கையெழுத்தோடு அனுப்புங்கள், அதன்படி செய்கிறோம் என்று. அந்தப் பெண்ணுக்கு ஏழு வருஷ உழைப்புக்குப் பிறகு கிடைத்த முதல் பெரிய வேலை அது. இந்த மாடியில் இருப்பவர்கள் வேண்டாம் என்றால் போச்சு. “நேர்ல வந்து பேசு பாப்பா, எல்லாம் நல்ல மனுஷங்கதான்” என்று ஆபரேட்டர்தான் அவளை வரச் சொன்னார். நல்ல மனுஷர்கள்தான். யார் இல்லையென்றது?

அவள் வந்தாள். நேராக நடந்து வந்தாள்.

“திரும்பிப் போய் வாம்மா,” என்றார் செக்கர். “இங்க வர்றவங்க இடது காலை இழுத்துட்டு வரணும். விதி.”

“எனக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு சார்,” என்று சொல்லிவிட்டு அவள் மருந்துப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். நாற்காலி யாரும் காட்டவில்லை.

“ஆரம்பமே சரியில்ல,” என்றார் மருந்துக்கடைக்காரர். இடம் கொடுத்தவர் என்பதால் அவருக்குக் கொஞ்சம் உரிமை அதிகம். “சரி, நானே கேக்கறேன். அரக்கன் ஏம்மா கண்ணைச் சிமிட்டுறான்?”

“சேத்துலயே இருக்கறவன் சார். இமை இல்லைன்னா கண்ணுல மண்ணு போகாதா?”

“பழைய அரக்கனுக்கு இமையே கிடையாது. அவன் ஒருநாளாவது என் கடைக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்டு வந்தானா?”

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை அது. ஆபரேட்டரும் பழக்கதோஷத்தில் உதட்டை விரித்துவிட்டு, மருமகள் தன்னையே பார்ப்பதைக் கண்டு சட்டென்று மூடிக்கொண்டார்.

“கண்ணை விடுங்க,” என்றார் டெய்லர். ஆண்கள் சட்டை தைப்பதில் கைதேர்ந்தவர். மன்றத்தின் ஆராய்ச்சியாளரும் அவர்தான். “பழைய படத்துல நாப்பதாவது நிமிஷம்தான் அரக்கன் தலையே தெரியும். அதுவரைக்கும் வெறும் சேத்துக் குமிழிதான். நமக்கு வயித்தைக் கலக்கும். இதுல பத்தாவது நிமிஷம் முழு உடம்பையும் காட்டிட்டாங்க. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி நடுவுல வந்து நிக்கிறான்.”

“அது டைரக்டர் முடிவு. நான் தோல் மட்டும்தான் செஞ்சேன்.”

“தோலா அது? மழைக்கோட்டு மாதிரி மினுங்குது.”

“ஈரத் தோல் மினுங்கத்தான் செய்யும். உங்க பழைய படத்துல அக்குள்ல தையல் பிரிஞ்சு உள்ள பனியன் தெரியுது, அது பரவாயில்லையா?”

அந்தப் பனியன் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

“பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?” என்றார் செக்கர். “ஆபரேட்டர் முகத்துக்காகத்தான் உன்னை உள்ள விட்டோம். மத்ததெல்லாம் கிடக்கட்டும், கால் விஷயத்துக்கு வா. உன் அரக்கன் எந்தக் காலை இழுக்கறான்?”

“வலது கால்.”

“அசல் அரக்கன்?”

“அவனும் வலது கால்தான்.”

நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. ‘என்ன திமிர்’ என்று ஒரு குரல், ‘வெளிய அனுப்புங்க’ என்று ஒரு குரல். செக்கர் கையைத் தூக்கி அடக்கினார். அடக்குவதில் அவருக்கு ஒரு சுகம்.

“படத்து உரிமையோட வாங்கின மூல நெகட்டிவ் கம்பெனியில இருக்கு சார்,” என்றாள் அவள். விடுவதாயில்லை. “லைட் பெட்டி மேல வச்சு ஒவ்வொரு ஃப்ரேமா பாத்துதான் நகத்தைச் செஞ்சேன். ரெண்டு மாசம் பாத்தேன். வலது கால்தான்.”

“அப்ப கம்பெனி நெகட்டிவ் தப்பு.”

“நெகட்டிவ் எப்படி சார் தப்பாகும்?”

டெய்லர் எழுந்தார். இந்த இடத்துக்காகவே காத்திருந்தவர்போல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “காலை விடு. பட்டனுக்கு என்ன சொல்ற? அசல்ல கதாநாயகன் கோட்டுக்குப் பட்டன் பொம்பளைங்க சட்டை மாதிரி பக்கம் மாத்தி வச்சிருக்கும். ஏன்? அவன் மனசு தாய் மனசு, அதனாலதான் அரக்கன் அவனைக் கொல்லாம கீறிட்டு விட்டான். அந்த டைரக்டர் எவ்வளவு யோசிச்சிருக்காரு. பதினாலு பக்கம் எழுதியிருக்கேன் இதைப் பத்தி. உங்க படத்துல சாதாரண ஆம்பளைக் கோட்டு. ஒரு எழவும் தெரியாம எடுத்திருக்கீங்க.”

“உங்க கேசட்டைப் போடுங்க,” என்றாள் அவள். “அதுலயே காட்டறேன்.”

போட்டார்கள். எழுத்துப் போடும் இடம் அந்தக் கேசட்டில் இல்லை. கதை நடுவிலிருந்து தொடங்குகிற மாதிரி நாணல் புதரில்தான் தொடங்கும். அவள் ரிமோட்டை வாங்கி வேகமாக ஓட்டி, அரக்கன் கரையேறும் கட்டத்தில் நிறுத்தினாள். நிறுத்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். திரையில் அரக்கன் இழுத்துக்கொண்டிருந்தது இடது காலைத்தான். சந்தேகத்துக்கே இடமில்லை.

“என்னம்மா, டிவியும் தப்பா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“ரெண்டு மாசம் லைட் பெட்டியில பாத்தாங்களாம்.”

“பெட்டியைத் தலைகீழா வச்சிருப்பாங்க.”

அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கிட்டே போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தாள், பாவம், தொட்டால் மாறிவிடும் என்பதுபோல. “எனக்குப் புரியல,” என்றாள் மெதுவாக.

ஆபரேட்டருக்குப் புரிந்துவிட்டது.

எப்படி என்று கேளுங்கள். புரொஜெக்டர் ஓட்டுகிறவர்கள் படம் பார்ப்பதில்லை. ஒரு ரீல் முடிவதற்குள் பக்கத்து மெஷினில் அடுத்த ரீலை ஓட்டிவிட வேண்டும். அதற்கு அடையாளமாகப் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டப் புள்ளி மின்னி மறையும். கண்ணிமைக்கும் நேரம்தான். அதைத் தவறவிட்டால் திரை வெள்ளையாகிவிடும், ஜனங்கள் விசில் அடிப்பார்கள். முப்பத்தைந்து வருஷமும் அவர் பார்த்ததெல்லாம் வலது மேல் மூலை. கதை என்ன, நடிகர் யார், எந்தக் கால் என்றெல்லாம் அவருக்குக் கவலை இருந்ததில்லை. இந்த மாடிக்கு வந்த பிறகோ புள்ளியைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கேசட் ஓடும்போது அவர் திரையைப் பார்க்க மாட்டார். பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்பார்.

இன்றைக்கு மருமகள் படத்தை நிறுத்திய இடம் மூன்றாவது ரீலின் முடிவு. புள்ளி தெளிவாக நின்றுகொண்டிருந்தது. இடது மேல் மூலையில்.

அந்த மத்தியானம் அப்படியே கண்முன் வந்தது. தியேட்டர் திரையைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். குறுக்கே மெல்லிய படுக்கை விரிப்பு ஒன்றைக் கட்டித்தான் படம் ஓட்டினார். முன்பக்கம் முழுக்கப் பிடுங்கிப் போட்ட நாற்காலிக் குவியல், கேமரா வைக்க இடமில்லை. மேடைமேல், விரிப்புக்குப் பின்பக்கம் நல்ல இடமிருந்தது. துணி மெல்லியது, படம் பின்னாலும் பளிச்சென்று தெரிந்தது. அங்கேயே வைத்தார். அறையில் மெஷினை ஓட்டிவிட்டு மேடைக்கு ஓடிவந்து கேமராவைத் தட்டுவதற்குள் எழுத்தெல்லாம் ஓடி முடிந்துவிட்டது. ஒரே ஒரு எழுத்து விழுந்திருந்தால்கூட அன்றைக்கே தெரிந்திருக்கும், எல்லாம் இடம்வலம் மாறியிருக்கிறது என்று. படத்திலோ நாணலும் சேறும்தான், படிக்க ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ‘முற்றும்’ போடுவதற்குள் கேசட்டும் தீர்ந்துவிட்டது.

இருபத்தாறு வருஷம் ஒன்பது பேர் தப்பான காலை இழுத்துக்கொண்டு மாடியேறியிருக்கிறார்கள். அவரால்.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை, கண்ணுகளா. ஃபேன் காற்று தலைமேல் வீசிக்கொண்டிருந்தது. டீ கையில் இருந்தது. நாளைக்குத் தனியாகச் செக்கரிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் சொன்னாலும் ஆகும் என்று நினைத்தார். இவர் இப்படி நினைத்துக்கொண்டிருக்கையில் அங்கே அந்தப் பெண்ணை ஆளுக்கொரு வாய் மென்றுகொண்டிருந்தார்கள். மாமன் பேரைச் சொல்லி வேலைக்கு வந்தவள் என்றார்கள். ரப்பர் பசை குழைக்கிற கைக்குச் சினிமா எதற்கு, போய்க் கல்யாணப்பெண்ணுக்குப் பவுடர் போடட்டும் என்றார்கள். அவள் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செக்கர் தயாராக எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்து வாசித்தார். முன்னாலேயே எழுதியாகிவிட்டது. அவளை வரச் சொன்னது ஒப்புக்குத்தான். “...இந்தப் பெண்ணுக்கு மூலப்படத்தின் அரிச்சுவடிகூடத் தெரியாது. அரக்கன் எந்தக் காலை இழுப்பான் என்பதே தெரியாதவரிடம் இரண்டாம் பாகத்தை ஒப்படைப்பதை எங்கள் மன்றம் ஒருமனதாக எதிர்க்கிறது. இப்படிக்கு. அசல் பிரதியைத் தன் கையால் ஓட்டிய நேர்சாட்சி...” என்று படித்து நிறுத்தி, பேனாவின் மூடியைக் கழற்றி ஆபரேட்டர் கையில் கொடுத்தார். “போடுங்கண்ணே. சொந்தம் பந்தம் பார்க்காம போடற கையெழுத்து. நாளைக்கு இதைத்தான் எல்லாரும் பேசுவாங்க.”

ஆபரேட்டர் பேனாவை வாங்கினார். தாளை மடியில் வைத்துக்கொண்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. இவர் என்ன செய்வார் என்று தெரிந்துகொள்கிற பார்வை. அந்தப் பார்வைதான் அவரை உலுக்கியது. கெஞ்சியிருந்தால் ஒருவேளை கையெழுத்தே போட்டிருப்பார்.

அவர் எழுதினார். கையெழுத்துப் போடுகிற நேரத்தைவிட அதிக நேரம் எழுதினார். “என்னண்ணே, முகவரியும் சேத்து எழுதறீங்களா?” என்று மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எழுதி முடித்துவிட்டு ஆபரேட்டரே வாசித்தார்.

“கேசட்டை நான் விரிப்புக்குப் பின்பக்கமிருந்து பிடித்தேன். அதனால் அதில் எல்லாமே இடம்வலம் மாறியிருக்கிறது. அரக்கனுக்கு வலது கால். அந்தப் பெண் சொன்னதுதான் சரி. இப்படிக்கு, நேர்சாட்சி.”

“விளையாடாதீங்க,” என்றார் செக்கர்.

“மூலையில புள்ளியைப் பாருங்க. வலதுல இருக்கணும். இடதுல இருக்கு.”

எல்லாரும் பார்த்தார்கள். புள்ளியைப் பற்றி அவரே எத்தனையோ தடவை அங்கே கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். அதனால் மறுக்கவும் வழியில்லை. முதலில் வாயைத் திறந்தவர் டெய்லர்தான். “அப்ப அந்தக் கோட்டு?”

“ஆம்பளைக் கோட்டு.”

“தாய் மனசு?”

ஆபரேட்டர் பேனாவைச் செக்கரிடம் நீட்டினார்.

“பதினாலு பக்கம் எழுதினேன்யா,” என்றார் டெய்லர். மரியாதை அங்கேயே விழுந்துவிட்டது. “ரெண்டு ஊர்ல போய் அதைப் படிச்சேன். சட்டை தைக்கறவன் நான். ஆம்பளைப் பட்டன் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? உன்னை நம்பித்தானே அதுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சேன்?”

“என் முழங்கால் போச்சு,” என்றார் மருந்துக்கடைக்காரர். “இருபத்தாறு வருஷம் இழுத்து இழுத்து இடது முழங்காலே போச்சு. என் கடை மாத்திரையை நானே முழுங்கறேன்.”

“உங்க மருமகளைக் காப்பாத்த இப்பதான் இந்தக் கதையைக் கட்டறீங்க,” என்றார் செக்கர்.

“கதையில்ல. நீங்க வேற கடிதம் எழுதினா நானும் ஒண்ணு எழுதுவேன். விரிப்பு எங்க கட்டினேன், கேமரா எங்க வச்சேன், எல்லாம் படம் வரைஞ்சு அனுப்புவேன். அதுக்கப்புறம் இந்த மன்றத்தைப் பாத்து எவனும் கருத்து கேக்க மாட்டான்.”

இப்படி மிரட்டுவார் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. செக்கர் தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். கிழித்ததை ஜன்னல் வழியாகப் போடப்போனவர், யாராவது கீழே பொறுக்கி வாசித்துவிடுவார்கள் என்று பயந்து சட்டைப் பையிலேயே திணித்துக்கொண்டார். “கம்பெனிக்கு வேற ஒண்ணும் எழுத வேண்டாம். எங்களுக்குக் கருத்து இல்லைன்னு ஒரு வரி போட்டுடலாம். இவரை இன்னையிலேருந்து நீக்கறோம். கை தூக்குங்க.”

எட்டுக் கைகள் உயர்ந்தன. அப்புறம் மருந்துக்கடைக்காரர் இன்னொன்று கேட்டார். “காலை என்ன பண்றது? வலதுக்கு மாத்தணுமா?” டெய்லர்தான் சொன்னார்: “நமக்கு இடதுதான். நம்ம அரக்கன் வேற, அவங்க அரக்கன் வேற.” அதற்கும் எட்டுக் கைகள் உயர்ந்தன. இந்த முறை இன்னும் வேகமாக.

ஆபரேட்டர் டெக்கைப் பார்த்தார். கேசட் அவருடையது. கேட்டால் கொடுத்திருக்க மாட்டார்கள், அவரும் கேட்கவில்லை. டீக் குவளையை ஒரு பெட்டிமேல் வைத்துவிட்டு மருமகள் பின்னால் இறங்கினார்.

அவள் தெருவில் விறுவிறுவென்று முன்னால் போய்க்கொண்டிருந்தாள். சைக்கிள் கடை தாண்டி, அஞ்சலகம் தாண்டி, பேருந்து நிறுத்தத்தில்தான் நின்றாள்.

“படத்தை நிறுத்தினப்பவே தெரிஞ்சுடுச்சா மாமா?”

“தெரிஞ்சுடுச்சு.”

“பத்து நிமிஷம். பத்து நிமிஷம் அவங்க என்னைப் பேசினதைக் கேட்டுட்டு டீ குடிச்சீங்க.”

“குடிக்கல பாப்பா. கையில வச்சிருந்தேன்.”

“அது போதும் எனக்கு,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு பேருந்து வந்தது, போனது. இருவரும் ஏறவில்லை. அப்புறம் அவளே கேட்டாள், கோபம் குறையாமலே: “படம் எப்படி இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லல. ஒரு மாசமாச்சு வந்து.”

ஆபரேட்டர் காலணியைப் பார்த்தார். “நான் இன்னும் பாக்கல.”

“பாக்கலையா?”

“மன்றத்துல முடிவு பண்ணாங்க, பழைய ஆளுங்க யாரும் புதுசைப் பாக்கக் கூடாதுன்னு. செக்கரும் டெய்லரும் மருந்துக்கடைக்காரரும் மட்டும் எதிரியை வேவு பாக்கற மாதிரி போயிட்டு வந்தாங்க.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து, பிடித்தாள் என்பதைவிட இழுத்தாள் என்றே சொல்ல வேண்டும், சாலையைக் கடந்து ஐந்து மணிக் காட்சிக்குக் கூட்டிப்போனாள். இரண்டே கால் மணி நேரம்.

வெளியே வந்ததும், “சொல்லுங்க,” என்றாள்.

அவர் இன்றைக்கு ஒரு தடவை பொய்யாக இருந்தது போதும் என்று நினைத்தார் போலிருக்கிறது. “இமை நல்லா இருக்கு. நகம் ரொம்ப நல்லா இருக்கு. கழுத்து சரியில்ல. திரும்பும்போது மடிப்பு விழல. எருமைக் கழுத்து பாத்திருக்கியா நீ? மூணு மடிப்பு விழும்.”

“அது எருமை இல்ல மாமா, அரக்கன்.”

“சேத்துல கிடக்கறது எதுவா இருந்தாலும் மடிப்பு விழும்.”

“உங்க பழைய ஆளுக்குக் கழுத்தே கிடையாது, தோள்மேல தலையை ஒட்ட வச்சிருந்தாங்க.”

“அதனாலதான் சொல்றேன், கழுத்துன்னு ஒண்ணு வச்சா ஒழுங்கா வைக்கணும்.”

“செக்கர்கிட்டயே திரும்பிப் போயிடுங்க.”

“சேக்க மாட்டாங்க,” என்றார் ஆபரேட்டர்.

அவள் சிரிக்கவில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நடந்துகொண்டே ‘கழுத்து, மூணு மடிப்பு, யோசிக்கணும்’ என்று கிறுக்கி, ‘யோசிக்கணும்’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டாள். மூன்றாம் வாரம் கம்பெனியிலிருந்து அவளுக்கு வேலை உறுதி என்று கடிதம் வந்தது. அதைச் சொல்ல அவள் மாமனுக்குப் போன் செய்தபோது முதலில் கொடுத்தது வசவு, பிறகுதான் சேதி. அவரும் வாழ்த்துச் சொன்ன கையோடு அரக்கனின் முழங்கை மூட்டில் ஒரு குறை சொன்னார். அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் மறுபடி செய்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீடுகளில் விளக்கு எரியட்டும், அடுப்பு எரியட்டும், கூடத்தில் நாலு பேர் எப்போதும் காரசாரமாகப் பேசிக்கொண்டிருக்கட்டும். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து, சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்கட்டும். உங்கள் பிள்ளைகளின் கை வேலைக்கு ஊர் ஒரு குறை சொல்லும்போது, பக்கத்தில் உண்மை தெரிந்த ஒரு ஆள் இருக்கட்டும். அந்த ஆள் பத்து நிமிஷம் தாமதிக்காமலும் இருக்கட்டும். நல்லா இருங்கள்.